புதிய கடல்நீர்த் தொட்டி: வளர்த்தற்கரிய மீனையும் இறாலையும் எப்போது விடலாம்?

கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்றரையில் மிளகாயும் சின்ன வெங்காயமும் செய்கைபண்ணும் கமக்காரர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலைப்பொழுதில் என்னைத் தேடி வந்தார். பயிரில் ஏதோ நோய் கண்டுவிட்டதென எண்ணினேன். அவரோ கையிலிருந்த சட்டியின் மூடியைத் திறந்து, செத்த நீல மீன் ஒன்றையும் இறால்கள் இரண்டையும் காட்டி, "ஐயா, இதற்கு என்ன மருந்து போடலாம்?" என்று கேட்டார்.

வெங்காயத்தில் வந்த இலாபத்திற் கண்ணாடித் தொட்டி ஒன்று செய்வித்து, கடல்நீர் நிரப்பி, பன்னிரண்டாம் நாளில் இவ்வுயிர்களை விலைக்கு வாங்கி விட்டிருக்கிறார். நான்காம் நாளில் யாவும் இறந்தன. தொட்டியிலே நோயும் இல்லை, பூச்சியும் இல்லை. நீர் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தது. அவர் தவறவிட்டது ஒன்றே, அதுதான் காலம். திருத்திய புதுநிலத்தில் முதற் போகத்திலேயே மிக நுட்பமான பயிரை நட்டவர் அடையும் கதியை அவர் அடைந்தார்.

இத்தகைய தொட்டிகளை இன்று கமக்காரர் வீடுகளிலும் கிராமப் பாடசாலைகளிலும் காண்கிறோம். மண்ணையும் பசளையையும் அறிந்த ஒருவருக்குத் தொட்டியின் நியதிகளை விளங்கிக்கொள்ளுதல் கடினமன்று. ஆகவே, வளர்த்தற்கரிய மீனையும் இறாலையும் விடுமுன் அறிந்திருக்க வேண்டியவற்றை இங்கு எடுத்துக் கூறுகின்றோம்.

தொட்டியும் வயலும்

நாம் மரக்கறித் தோட்டத்தில் இடும் யூரியா, முதலில் அமோனியாவாகவும், பின் நைத்திரைற்றாகவும், ஈற்றில் நைத்திரேற்றாகவும் மாறுகின்றது. இம்மாற்றத்தைச் செய்வன மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள். அவற்றை 1890 ஆம் ஆண்டளவிற் பிரித்தறிந்து காட்டியவர் உருசிய அறிஞர் வினோகிராட்சுக்கி என்பவராவர். இதே தொழிலைச் செய்யும் நுண்ணுயிர்கள் கடல்நீரிலும் உண்டு. மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் உண்டாகும் அமோனியாவை அவை நைத்திரைற்றாக்கிப் பின் நைத்திரேற்றாக்குகின்றன.

அமோனியா மீனுக்குக் கொடிய நஞ்சாகும். கடல்நீரின் பீ.எச். அளவு 8 இற்கு மேற்பட்டது. பீ.எச். ஓர் அலகு உயரும்போது, நஞ்சான அமோனியாவின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகப் பெருகும். சுண்ணாம்பு மிகுந்த தரையில் யூரியாவை மேலே தூவிவிட்டால் மூக்கைத் துளைக்கும் மணம் எழுவதற்குக் காரணம் இதுவே. ஆதலால், நன்னீர்த் தொட்டியில் மீன் பொறுத்துக்கொள்ளும் அமோனியா, கடல்நீர்த் தொட்டியில் அதனைக் கொன்றுவிடும்.

நைத்திரேற்று அவ்வளவு கொடியதன்று. எனினும் அது சேர்ந்துகொண்டே போகும். நைத்திரேற்றுள்ள நிலத்தில் நீரைத் தேக்கினால், காற்றில்லாத மண்ணில் அது நைதரசன் வாயுவாகி மேலே போய்விடுகின்றது. அதனாலேயே நெல்வயலுக்கு நைத்திரேற்றுப் பசளையை நாம் விதந்துரைப்பதில்லை. வயலில் நமக்கு நட்டமாகும் அந்நிகழ்ச்சி தொட்டியில் நமக்கு இலாபமாகும். துளைகள் நிறைந்த கல்லின் மேற்புறத்திலே அமோனியா நைத்திரேற்றாகின்றது; காற்றுக் குறைந்த உட்புறத்திலே நைத்திரேற்று வாயுவாகி நீங்குகின்றது. நல்ல கல் தொட்டியின் மண்ணாகும்.

நீரைப் பற்றி

1 லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. நீரடர்த்திமானியில் அதன் தன்னீர்ப்பு 1.025 எனக் காட்டும். கரையோரத்தில் வாழ்வோர் ஆழ்கடற் பக்கத்திலிருந்து படகிற் சென்று நீர் எடுப்பது நன்று. களப்பு நீர் ஏற்றதன்று. புத்தளம் களப்பின் உட்பகுதி நீர் கோடையிற் கடல்நீரினும் உவர்ப்பாகும். மாரியில் ஆற்றுநீர் கலந்து உவர்ப்புக் குன்றும்.

உப்பளத்து உப்பைக் கிணற்றுநீரிற் கரைத்தால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. அது கூடாது. கடல்நீரின் உப்புக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 85 பங்கு சோடியமும் குளோரைட்டும் ஆகும். எஞ்சிய பங்கிலேதான் மகனீசியமும் கல்சியமும் மற்றவையும் உள்ளன. உப்பளத்தில் நீர் வற்றும்போது சுண்ணாம்பும் சிப்சமும் முதலிற் படிகின்றன. அதன் பின் உப்பு விளைகின்றது. மகனீசியமோ கழித்துவிடப்படும் கசப்புநீரில் தங்குகின்றது. ஆகவே கறிக்கு நல்லதான உப்பு, இறால் தன் தோட்டை ஆக்குவதற்கு வேண்டியவற்றை இழந்த உப்பாகும். கடல்நீர் கிடைக்காதவர் தொட்டிக்கென்றே விற்கப்படும் கலவையுப்பை வாங்குதல் வேண்டும்.

அதனைக் கரைக்கும் நீரும் தூயதாயிருத்தல் அவசியம். கற்பிட்டியிலும் யாழ்ப்பாணத்திலும் தோட்டங்களை அண்டிய கிணறுகள் பலவற்றின் நீரில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. பயிருக்கு நாம் அளவுக்கு மிஞ்சி இடும் பசளையே மணலினூடும் சுண்ணாம்புக் கல்லினூடும் வடிந்து அங்கே போய்ச் சேர்கின்றது. அந்நீரைக் குழந்தைகளுக்குக் கொடுப்பதும் தகாது. தொட்டிக்கு இடுவதும் தகாது. மாரியில் ஏந்திய சுத்தமான மழைநீரோ, நுண்வடிகட்டிய நீரோ ஏற்றது.

தொட்டியிலிருந்து நாள்தோறும் நீர் ஆவியாகும். போவது நீர் மட்டுமே, உப்புத் தங்கிவிடும். வடிகாலற்ற வயலில் உவர் ஏறுவதும் இவ்வாறே. ஆகவே குறைந்த அளவுக்கு நன்னீரை நாள்தோறும் ஊற்ற வேண்டும். கடல்நீரை ஊற்றி நிரப்பினால் உவர்ப்பு ஏறிக்கொண்டே போகும். மீன் சிறிது பொறுத்தாலும் இறால் பொறுக்காது.

கல்லும் காத்திருக்கும் காலமும்

கடலிலிருந்து முருகைக்கல்லை உடைத்தெடுத்தல் பெருங் குற்றமாகும். கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்தல் 1988 ஆம் ஆண்டின் 64 ஆம் இலக்கச் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டது. தரையில் அகழ்ந்த, துளைகள் நிறைந்த சுண்ணாம்புக்கல்லே போதும். எனினும் தோட்டத்திற் கிடந்த கல்லை எடுக்கற்க. அது பசளையின் பொசுபேற்றை உறிஞ்சி வைத்திருந்து, பின் நீரிலே விட்டுப் பாசியைப் பெருக்கும். நன்றாய் நடக்கும் பழைய தொட்டியிலிருந்து கல்லொன்றோ ஒருபிடி மணலோ கிடைத்தால், தயிருக்கு உறைமோர் இட்டாற்போலப் புதிய தொட்டியில் நுண்ணுயிர் விரைவிற் பெருகும்.

கல்லை அடுக்கி, நீர் நிரப்பி, நீரோட்டப் பம்பியை இயக்கியபின், தோலுரித்த இறாற்றுண்டு ஒன்றைத் தொட்டியில் இடுக. அது அழுகும்போது அமோனியா உண்டாகும். கடைகளிற் கிடைக்கும் சோதனைத் துளிகளாற் கிழமைக்கு இருமுறை நீரைச் சோதித்துக் குறித்து வருக. முதலில் அமோனியா ஏறி இறங்கும். அடுத்து நைத்திரைற்று ஏறி இறங்கும். அதன்பின் நைத்திரேற்று ஏறும். வழக்கமாக இதற்கு 4 முதல் 6 கிழமைகள் செல்லும். 1 லீற்றருக்கு 2 மில்லிகிராம் ஆகுமாறு அமோனியாவைச் சேர்த்து, 24 மணித்தியாலத்தில் அமோனியாவும் நைத்திரைற்றும் இரண்டும் காணாமற்போயின், தொட்டி முதலாவது மீனுக்கு ஆயத்தமாகிவிட்டது எனலாம்.

இது முதலாவது மீனுக்கே என்பதை மறத்தலாகாது. நீரின் தெளிவைக் கண்டு ஏமாறவுங் கூடாது. அமோனியாவுக்கு நிறமில்லை. இரண்டாம் மாதமளவிற் கபிலநிறப் படையும் பச்சைப்பாசியும் தோன்றி மறையும். புதுநிலத்தில் முதலிற் களை எழுவதுபோன்றதே அது. அதற்காக மருந்திட வேண்டியதில்லை.

முதலில் விடத்தக்கவை

தொட்டியில் வளர்க்கப்பட்ட குஞ்சுகளிலிருந்து பெறும் கோமாளிமீன் முதலில் விடத்தக்கது. உழுவை இனத்துச் சிறுமீனும் அதனோடு ஒரே வளையில் வாழும் சொடுக்கு இறாலும் அடுத்து விடத்தக்க நல்ல சோடியாகும். இறாலுக்குப் பார்வை மங்கல். அது ஓயாமல் வளையைத் தோண்டும். மீன் வாயிலிற் காவலிருந்து, பகை வந்தால் வாலை அசைத்து அறிவிக்கும். காவற்கொட்டிலில் ஒருவர் இருக்க மற்றவர் வரம்பு கட்டுவதைப் போன்ற ஒழுங்கு அது.

ஒரு தடவை விட்டபின் 2 அல்லது 3 கிழமை பொறுத்தே அடுத்ததை விடுதல் வேண்டும். கழிவு கூடிய அளவுக்கு நுண்ணுயிரும் பெருக அவகாசம் வேண்டும்.

வளர்த்தற்கரிய மீன்கள் மூன்று

முதலாவது, அக்கமக்காரர் வாங்கிய நீல மீன். அக்கந்தூரசு லியூக்கொசிற்றேர்ணன் என்பது இதன் சாத்திரப் பெயர். சேகரிப்போர் 'பவுடர் புளூ' என்பர். இலங்கைக் கடலிலும் இந்து சமுத்திரத்தின் பிற பகுதிகளிலும் வாழ்வது. வாலடியிற் கத்திபோன்ற முள் உண்டு. நாளெல்லாம் பாறைமீது பாசி மேய்ந்து திரியும் இம்மீனுக்கு நீண்ட தொட்டி வேண்டும். வெண்புள்ளி நோய் இதனை எளிதிற் பற்றும். தன் இனத்தையொத்த மீன்களைத் துரத்தும் இயல்பும் உண்டு. ஆகவே எல்லா மீன்களுக்கும் பின்னரே இதனை விடுதல் வேண்டும். முதலில் விட்டால் தொட்டி முழுவதையும் தன் காணியென உரிமைகொண்டு, பின் வருவனவற்றைக் கடிக்கும்.

இரண்டாவது, மண்டரின் மீன். மேற்குப் பசிபிக்குக் கடலைச் சேர்ந்தது. செதிலில்லாத உடலிற் பாயில் நெய்த கோலம்போல நிறங்கள் ஓடும். கல்லில் வாழும் மிகச் சிறிய ஓட்டுயிர்களைக் காலை தொடங்கி மாலை வரை ஒவ்வொன்றாகக் கொத்தித் தின்னும். தூவிய உணவைப் பெரும்பாலும் ஏறிட்டும் பாராது. புதிய தொட்டியில் இம்மீனை விட்டால், அது நோயால் அன்றிப் பட்டினியாலேயே சாகும். அதுவும் பல கிழமை மெலிந்து மெலிந்து சாகும். விளக்கணைத்து ஒரு மணித்தியாலத்தின் பின் ரோச் வெளிச்சத்தைக் கண்ணாடியிற் படவிட்டுப் பார்க்க. புள்ளிபோன்ற சிற்றுயிர்கள் எங்கும் ஓடித் திரியுமாயின் மேய்ச்சல் உண்டென அறியலாம். பொதுவாக இந்நிலைக்கு 6 மாதமோ, அதன் மேலுமோ செல்லும். இக்காலத்தில் தொட்டியிற் பிறந்து, இட்ட உணவை உண்ணப் பழகிய மண்டரின் மீன்களும் கிடைக்கின்றன. கிடைக்குமாயின் அவற்றையே தெரிக.

மூன்றாவது, துப்புரவு மீன். கருங்கோடு ஓடிய சிறிய மீன். பெரிய மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். ஒரு துப்புரவு மீன் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்பதாக அவுத்திரேலியாவின் இலிசாட்டுத் தீவிற் செய்த ஆராய்ச்சி காட்டியது. தொட்டியில் அவ்வளவு ஒட்டுண்ணி இருத்தல் இயலாது. இருந்தால் மற்ற மீன்கள் பிழைக்கா. அதே தீவில், சில சிறு பாறைகளிலிருந்து இம்மீனை 8 ஆண்டுகளுக்கு மேலாக நீக்கிவந்தபோது, அங்கு வாழ்ந்த மற்ற மீன்களின் தொகையும் வகையும் குறைந்தன. ஆகவே இம்மீனைப் பிடிப்பது, தொட்டிக்கு ஒரு பட்டினிச் சாவையும் கடலுக்கு ஒரு நட்டத்தையும் உண்டாக்குவதாகும். இதனை வாங்காதிருத்தலே நலம்.

இறால்கள்

முதுகிற் செந்நிறமும் நடுவில் வெண்கோடும் உடைய துப்புரவு இறால், பழகியபின் மனிதர் கையிலும் ஏறும். செவ்வெண் பட்டைகளும் நீண்ட கைகளும் உடைய குத்துச்சண்டை இறால் மற்றொன்று. இதில் ஒன்றையோ, இணைந்த சோடியையோ அன்றி இரண்டு வைத்தல் கூடாது, ஒன்றையொன்று கொல்லும். வெண்ணிறத்திற் பெரும் புள்ளிகளுடைய அழகிய இறால் ஒன்றும் உண்டு. அது உடுமீனைத் தவிர வேறெதையும் உண்ணாது. தொடர்ந்து உடுமீன் கொடுக்க வழியில்லாதவர் அதனை வாங்கற்க.

உவர்ப்பின் சிறு மாற்றமும் இறாலைத் தாக்கும். அண்மையிற் பிடித்துச் சில மணித்தியாலத்துள் கொணர்ந்த இறாலை, பையிலுள்ள நீரோடு ஓர் ஏனத்தில் ஊற்றி, மெல்லிய குழாயினாற் தொட்டிநீரைத் துளித்துளியாக 2 மணித்தியாலம் வரை விட்டுப் பழக்குக. நாற்றை ஒரேயடியாக வெயிலிற் காட்டாது பழக்குவதை ஒத்தது இது. ஆனால் நெடுந்தூரம் பையில் அடைபட்டு வந்த உயிர்களுக்கு இம்முறை கேடு செய்யும். பையிலே சேர்ந்த கரியமிலவாயு, திறந்தவுடன் வெளியேறும், பீ.எச். ஏறும், சேர்ந்திருந்த அமோனியா நஞ்சாகும். அத்தகையவற்றுக்கு, பையின் உவர்ப்பை முன்னறிந்து, அதே உவர்ப்புள்ள தூயநீரை ஆயத்தஞ் செய்து உடனே மாற்றுதல் வேண்டும்.

வெறுந் தோடு ஒன்று தரையிற் கிடந்தால் இறால் இறந்ததென அஞ்சற்க. அது தோடு கழற்றியிருக்கும். புதுத்தோடு இறுகும்வரை ஓரிரு நாள் மறைந்திருக்கும். அதனைத் தேடிக் கல்லைப் புரட்டுதல் தகாது.

கமக்காரர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது

என் சொந்தப் பிழையொன்றை இங்கு கூறுதல் கடமை. பாடசாலைத் தொட்டியொன்றுக்கு நான் ஆலோசனை கூறிவந்தேன். ஒருநாட் காலையில் மிளகாய்ச் செய்துகாட்டற் பாத்தியொன்றுக்குப் பூச்சிநாசினி தெளித்தேன். வெறும் நீரிற் கைகழுவிவிட்டுப் பாடசாலைக்குச் சென்று, சாய்ந்த கல்லொன்றை நேராக்கத் தொட்டிக்குள் கைவிட்டேன். மாலையில் இறால்கள் துடித்துப் பக்கவாட்டில் வீழ்ந்தன. மீன்களுக்கோ ஒன்றும் நேரவில்லை. பிள்ளைகள் காரணம் கேட்டபோது உள்ளதைச் சொன்னேன்.

பூச்சியும் இறாலும் கணுக்காலி இனங்களே. பூச்சியின் நரம்பைத் தாக்கும் நஞ்சு இறாலின் நரம்பையுந் தாக்கும். பைரெத்திரொயிட்டு வகை நாசினிகள் இறாலுக்கு மிகமிகச் சிறிய அளவிலும் எமனாகும். ஆகவே தெளிகருவியையும் அதனோடு புழங்கிய வாளியையும் தொட்டியருகே கொண்டு செல்லற்க. தெளித்த நாளிற் தொட்டிக்குட் கையிடற்க. செப்புக் கலந்த பங்கசுநாசினியும், செம்பு பித்தளைக் குழாய்களும் அவ்வாறே விலக்கத்தக்கன.

தனிமைத் தொட்டி

வெண்புள்ளி நோயை உண்டாக்கும் நுண்ணுயிர், மீனின் தோலிற் சில நாள் உண்டு வளர்ந்து, பின் கீழே வீழ்ந்து கூடு கட்டி, அதனின்று நூற்றுக்கணக்கிற் பெருகி வெளிவரும். மீனிற் புள்ளி மறைந்தது கண்டு நோய் தீர்ந்ததென எண்ணுவது, களையை வெட்டிவிட்டு மண்ணிலுள்ள விதையை மறப்பதாகும். புதிய மீன் எதனையும் 30 நாளுக்குக் குறையாது வேறொரு சிறு தொட்டியில் வைத்துப் பார்த்தபின்பே பெருந்தொட்டியில் விடுக. செப்பு மருந்து அங்கு மட்டுமே இடத்தக்கது. கல்லும் இறாலும் உள்ள தொட்டியில் அதனை ஒருபோதும் இடலாகாது. மின்சாரம் தடைப்படின் மீன் மூச்சுத் திணறும். மின்கலத்தில் இயங்கும் காற்றுப்பம்பி ஒன்றை ஆயத்தமாக வைத்திருக்க.

கடலுக்கு நாம் கடன்பட்டுள்ளோம்

கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் முருகைக்கற்பாறை 1992 ஆம் ஆண்டிற் கடற் சரணாலயமாக்கப்பட்டது. 1998 ஆம் ஆண்டிற் கடல்நீர் வெப்பமடைந்து, அங்கும் இக்கடுவையிலும் ஆழங்குறைந்த இடங்களின் முருகைகள் வெளிறிப் பெருமளவில் மாண்டன. இத்தகைய இடரைத் தாங்கிய கடலிலிருந்து எடுக்கப்படும் ஒவ்வோர் உயிரும் வீட்டிலே நெடுநாள் வாழ்தல் வேண்டும். உரிமம் பெற்றுக் கைவலையாற் பிடிப்போரிடமே வாங்குக. விற்பவர் முன்னிலையில் மீன் உணவுண்பதைக் கண்டபின்பே பணம் கொடுக்க.

முதலிற் கூறிய கமக்காரர் தொட்டியை வெறுமையாக்கவில்லை. நான் கூறியபடி இறாற்றுண்டிட்டு, நீரைச் சோதித்து, வெங்காயக் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்திற் குறித்துவந்தார். ஆறாங் கிழமையிற் கோமாளிமீன் இரண்டு. ஐந்தாம் மாதத்திற் துப்புரவு இறால்கள். பத்தாம் மாதத்தில், தனிமைத் தொட்டியில் இருந்த பின், நீல மீன். அவ்விறால் அம்மீனின் செவுளைத் துப்புரவு செய்வதைப் பார்க்க என்னை அழைத்தார். போனபோது கொப்பியையும் காட்டினார். கிணற்றுநீரின் நைத்திரேற்று அளவையும் அதிற் குறித்திருந்தார். அந்தப் போகத்தில் யூரியாவைக் குறைத்துப் பலமுறையாகப் பிரித்திட்டதாகவும் கூறினார்.

நினைவிற் கொள்க

1. அமோனியாவும் நைத்திரைற்றும் அற்றுப்போகும்வரை உயிர் எதனையும் விடற்க.
2. உப்பளத்து உப்பையும் தோட்டக் கிணற்று நீரையும் தவிர்க்க.
3. ஆவியான அளவுக்கு நன்னீரையே ஊற்றுக.
4. ஒவ்வொரு தடவைக்கும் இடையே 2 அல்லது 3 கிழமை பொறுக்க.
5. இறாலைச் சில மாதங் கழித்தும், மண்டரின் மீனை மேய்ச்சல் கண்டபின்பும், நீல மீனை யாவற்றுக்கும் ஈற்றிலும் விடுக.
6. துப்புரவு மீனைக் கடலிலேயே விட்டுவிடுக.
7. புதிய மீனை 30 நாள் தனிமையில் வைக்க.
8. நாசினி தெளித்த கையைத் தொட்டிக்குள் இடற்க.